தவறிய லாகின்களைத் தணிக்கை செய்வது: கேள்வி பதில்

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர்களை 20 வருடங்களாகப் பார்த்துக்கொள்கிறேன். உள்ளே வர முயன்று தோற்றவர்களின் பதிவை எப்படிப் படிப்பது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு முடிந்தவரை பதில் தருகிறேன். முதலிலேயே ஒரு வேண்டுகோள்: உங்கள் சர்வரின் பதிவு வரிகளை அப்படியே எடுத்து எனக்கு அனுப்பாதீர்கள். காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி (கல்லூரி ஆய்வகத் தம்பி): அண்ணா, எங்கள் ஆய்வகத்தில் 60 பேர் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் முறை) வழியாக நுழையும் உபுண்டு லினக்ஸ் சர்வர் ஒன்று இருக்கிறது. பொறுப்பு இந்த மாதம்தான் என் கைக்கு வந்தது. தவறிய லாகின்கள் எங்கே பதிவாகும்? எதிலிருந்து தொடங்குவது?

பதில்: இரண்டு இடங்களில் தேட வேண்டும் தம்பி. ஒன்று, வார் லாக் அடைவில் இருக்கும் பிடிஎம்பி. அது பைனரி கோப்பு, எடிட்டரில் திறந்தால் ஒன்றும் புரியாது. ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) இருந்து லாஸ்ட்பி கட்டளையை ஓட்டிப் படிக்க வேண்டும். வெற்றிபெற்ற லாகின்கள் டபிள்யூடிஎம்பி கோப்பில் இருக்கும், அதற்கு லாஸ்ட் கட்டளை. இன்னொன்று எழுத்து வடிவப் பதிவு. உபுண்டுவில் அதன் பெயர் ஆத்.லாக், ரெட்ஹாட் குடும்ப லினக்ஸ்களில் செக்யூர். டெபியன் லினக்ஸில் 12-ஆம் பதிப்பு முதல், இந்தப் பதிவை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் தானாக நிறுவப்படுவதில்லை. அங்கே ஆத்.லாக் இல்லையே என்று பதற வேண்டாம், ஜர்னல்சிடிஎல் கட்டளையில் தேடினால் கிடைக்கும். டெபியன் 13-இல் லாஸ்ட், லாஸ்ட்பி இரண்டையுமே எடுத்துவிட்டார்கள். அந்தப் பழைய கோப்புகள் நேரத்தை 32 பிட்டில் வைப்பதால் 2038-ஐத் தாண்டாது.

சரி, கோப்பு கிடைத்துவிட்டது. உடனே எத்தனை தோல்வி என்று எண்ண ஆரம்பிக்காதீர்கள். முதலில் ‘இன்வேலிட் யூசர்’ என்று இருக்கும் வரிகளைத் தனியே ஒதுக்குங்கள். அட்மின், டெஸ்ட், ஒராக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஏதோ ஒரு நிரல் ஊர் முழுக்கக் கதவைத் தட்டுகிறது. அந்தக் கணக்குகள் உங்களிடம் இல்லவே இல்லை. ஒதுக்கியது போக மிஞ்சுவது, உண்மையில் இருக்கும் ஒரு மாணவரின் பெயரில் நடந்த தோல்விகள். உங்கள் வேலை அங்கேதான் இருக்கிறது. அந்த ஒவ்வொரு பெயருக்கும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தத் தோல்விகளுக்குப் பிறகு, அதே முகவரியிலிருந்து ஒரு ‘அக்செப்டட்’ வரி வந்திருக்கிறதா? பத்தாயிரம் தோல்வி ஆபத்தில்லாமல் கிடக்கலாம். நான்கு தோல்விக்குப் பின் வந்த ஒரு வெற்றியைத்தான் நாம் தேடுகிறோம்.

இன்னொன்றையும் விட்டுவிடாதீர்கள். 60 பேர் ஏற்கெனவே உள்ளே இருக்கிற சர்வர் இது. உள்ளிருந்துகொண்டே எஸ்யூ, சூடோ கட்டளைகள் மூலம் ரூட் ஆகப் பார்த்துத் தோற்றவர்களும் அதே ஆத்.லாக்கில் இருப்பார்கள். எஸ்யூ தோல்விக்கு, பாம் (லினக்ஸில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பகுதி) எழுதும் ‘ஆதென்டிகேஷன் ஃபெயிலியர்’ வரியில் ‘ஆர்யூசர்’ என்ற இடத்தில் முயன்றவர் பெயரும், ‘யூசர்’ என்ற இடத்தில் அவர் ஆக விரும்பிய பெயரும் இருக்கும். வெளியிலிருந்து வரும் தட்டல்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

கேள்வி: ஆத்.லாக்கைக் குழுவில் உள்ள சிலர் படிக்க முடிகிறது. லாஸ்ட்பியை மட்டும் ஏன் ரூட் தவிர யாரையும் ஓட்ட விடுவதில்லை? வெறும் தோல்விப் பட்டியல்தானே?

பதில்: வெறும் தோல்விப் பட்டியல் இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

அவசரத்தில் இருக்கும் மனிதர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். திரையில் ‘லாகின்:’ என்று நிற்கிறது. பெயரைத் தட்டிவிட்டோம் என்று நினைத்துக் கடவுச்சொல்லைத் தட்டி என்டர் அழுத்துகிறார். கணினி அதைப் பயனர் பெயராக எடுத்துக்கொள்கிறது, அப்படி ஒருவர் இல்லை என்கிறது, தோல்வி என்று எழுதி வைக்கிறது. பத்து நொடியில் அதே இருக்கையிலிருந்து சரியான பெயருடன் ஒரு வெற்றி. இந்த இரண்டு வரிகளும் அடுத்தடுத்துக் கிடந்தால், இன்னாருடைய கடவுச்சொல் இன்னது என்று எழுதி ஒட்டியது போலத்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தில், தவறிய லாகின்களின் பட்டியலைத் தினமும் காலையில் அச்சடித்து எல்லாரும் பார்க்கும் பலகையில் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். பொறுப்பு உணர்வு வரட்டும் என்று. மூன்றாம் நாள் நானே ஒட்டிய தாளில், பயனர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சொல்லைப் பார்த்தேன். அடுத்த வரியில் எங்கள் கணக்குப் பிரிவு அம்மாவின் பெயர். தாளைக் கிழித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன். அன்றைக்கு வந்த பயம் இன்னும் போகவில்லை.

இதனால்தான் லாகின்.டெஃப்ஸ் கோப்பில் தெரியாத பெயர்களைப் பதிவு செய்யும் அமைப்பு வழக்கமாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். பெயருக்குப் பதில் ‘அன்னோன்’ என்றுதான் எழுதும். எஸ்எஸ்ஹெச் இணைப்புகளை ஏற்கும் எஸ்எஸ்ஹெச்டி நிரல் அப்படி மறைப்பதில்லை, வந்த பெயரை அப்படியே எழுதும். ஆகவே ஆத்.லாக்கையும் பிடிஎம்பி போலவே பூட்டி வையுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். எனக்கும்தான்.

கேள்வி: நேற்று ஒரே இரவில் ரூட் பெயரில் 40,000 தோல்விகள், எல்லாம் வெளிநாட்டு முகவரிகள். என் சர்வர் போய்விட்டதா?

பதில்: இல்லை. இணையத்தில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22-ஆம் போர்ட்டைத் திறந்து வைத்த எல்லாருக்கும் இது நடக்கிறது. 2015-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் மென்பொருளின் 7.0 பதிப்பு முதல் ரூட் கடவுச்சொல்லால் நுழைவது இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் அமைப்புக் கோப்பில் யாராவது அதை ‘யெஸ்’ என்று மாற்றியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். 2024-இல் வந்த 9.8 பதிப்பில், திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிக்கு எஸ்எஸ்ஹெச்டியே தண்டனை நேரம் கொடுக்கும் வசதியும் வந்துவிட்டது. பழைய பதிப்பு என்றால் அப்படித் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள்.

கேள்வி: எனக்கும் 12,000 தோல்வி வந்திருக்கிறது. ஹேக் ஆகிவிட்டதா?

பதில்: மேலே உள்ள பதில்தான். வெற்றி வரியைத் தேடுங்கள்.

கேள்வி (சிறு அலுவலக நிர்வாகி): சார், ஒரே ஒரு ஊழியரின் பெயரில் மட்டும் தோல்வி. எங்கள் அலுவலக முகவரியிலிருந்தே வருகிறது. அவர் கடந்த வாரம்தான் கடவுச்சொல்லை மாற்றினார். லீவில் இருக்கிற நாளிலும் வருகிறது. 10:00:01, 10:15:01, 10:30:02 என்று நேரம் இருக்கிறது. யாரோ அவரைக் குறிவைக்கிறார்களா?

பதில்: இப்படி நேரத்தோடு கேட்டதற்கு நன்றி, பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மனிதர் கை இப்படித் தட்டாது. கால் மணிக்கு ஒருமுறை, முழு நிமிடம் பிறந்த முதல் ஓரிரு நொடியில் வருவது கிரான் வேலை, அதாவது குறித்த நேரத்தில் கணினி தானாக ஓட்டுவது. அவர் எப்போதோ எழுதிவைத்த பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றில் பழைய கடவுச்சொல் இன்னும் இருக்கிறது. அந்த முகவரி எந்தக் கணினி என்று பாருங்கள், அதில் அவருடைய கிரான்டேப்பை (கிரான் வேலைப் பட்டியல்) திறந்து பாருங்கள். கண்டுபிடித்ததும் புதிய கடவுச்சொல்லை அதே ஸ்கிரிப்டில் எழுதிவிட்டு வராதீர்கள். அந்த வேலைக்கென்று, கடவுச்சொல்லுக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்ஹெச் கீ உருவாக்கிக் கொடுங்கள்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் இதை எப்படிப் பார்ப்பது?

பதில்: என் துறை இல்லை. ஈவென்ட் வியூவரின் செக்யூரிட்டி பதிவில் 4625 தோல்வி, 4624 வெற்றி, 4740 கணக்குப் பூட்டப்பட்டது. அதற்கு மேல் விண்டோஸ் ஆட்களைக் கேளுங்கள்.

கேள்வி: பாம்_ஃபெயில்லாக் போட்டு மூன்று தவறுக்கு மேல் கணக்கைப் பூட்டிவிட்டால் இந்தத் தணிக்கையே தேவையில்லையே?

பதில்: தேவை. பூட்டினால் தலைவலி கூடத்தான் செய்யும். அதன் இயல்பு அமைப்பு: 15 நிமிடத்துக்குள் 3 தோல்வி, 10 நிமிடப் பூட்டு. உங்கள் பயனர் பெயர் தெரிந்த யாரும் பத்து நிமிடத்துக்கு மூன்று முறை தவறாகத் தட்டினால் நாள் முழுக்க நீங்கள் வெளியே நிற்பீர்கள். ஒரு நாளைக்கு 432 தட்டல். ஒரு சின்ன ஸ்கிரிப்டுக்கு அது ஒரு வேலையே இல்லை. தேர்வு நாளில் சக மாணவனைப் பூட்டி வைக்க இதைவிட எளிய வழி வேண்டுமா?

குறுக்கே (வங்கி அமைப்புகளில் வேலை செய்யும் நண்பர்): மன்னிக்கவும், இதை ஏற்க முடியாது. கார்டு தரவைக் கையாளும் எங்களுக்கு பிசிஐ டிஎஸ்எஸ் என்ற பாதுகாப்பு விதி இருக்கிறது. பூட்டாமல் விட்டால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார். பூட்டு இல்லாத வீடு மாதிரி அல்லவா நீங்கள் சொல்வது?

பதில்: விதி உங்களைக் கட்டுப்படுத்துகிறது என்றால் பூட்டித்தான் ஆக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விதியில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். பழைய 3.2.1 பதிப்பு 6 முயற்சிக்கு மேல் போகக் கூடாது என்றது. 2022-இல் வந்த 4.0 அதை 10 ஆக்கியது. மூன்று என்ற எண் இந்த விதியின் எந்தப் பதிப்பிலிருந்தும் வரவில்லை. யாரோ ஒருவர் இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவிட்டார். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட 800-63பி ஆவணம் ஒரு கணக்கில் தொடர்ச்சியாக 100 தோல்வி வரை போகலாம் என்கிறது. ஏன்? நல்ல கடவுச்சொல்லை நூறு முயற்சியில் யாராலும் ஊகிக்க முடியாது. மூன்றில் பூட்டினால் மாட்டுவது விரல் தவறிய நம் ஆட்கள்தான்.

வங்கி நண்பர்: ஊகிக்க முடியாத கடவுச்சொல்லை எல்லாரும் வைத்தால் நான் ஏன் பூட்டப் போகிறேன்? எங்கள் ஊழியர்கள் வைக்கும் கடவுச்சொற்களை நீங்கள் பார்த்ததில்லை.

பதில்: நல்ல கேள்வி, உண்மையாகவே யோசித்தேன். பலவீனமான கடவுச்சொற்கள் நிறைய இருக்கும் இடத்தில் பூட்டு ஓரளவு காப்பாற்றும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படிப்பட்ட இடத்துக்கு வருகிறவர் ஒரே கணக்கில் ஆயிரம் சொல்லை முயல மாட்டார். ஒரே சொல்லை ஆயிரம் கணக்கில் முயல்வார். ஒவ்வொரு கணக்கிலும் ஒரே ஒரு தோல்வி. உங்கள் பூட்டு ஒரு முறைகூட விழாது. பதிவைப் பெயர்வாரியாகப் பார்த்தாலும் தெரியாது. முகவரிவாரியாக அடுக்கினால்தான் ஒரே முகவரியில் 300 வெவ்வேறு ஊழியர் பெயர்கள் வரிசையாகக் கண்ணில் படும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஃபெயில்லாக் தன் தோல்வி எண்ணிக்கையை வார் ரன் அடைவில் வைக்கிறது, ரீபூட் செய்தால் எல்லாம் மறைந்துவிடும். எஸ்எஸ்ஹெச் கீ மூலம் வருபவரிடம் பாம் கடவுச்சொல் கேட்பதே இல்லை, ஆகவே பூட்டிய கணக்கிலும் அவர் கீயோடு உள்ளே வருவார்.

வங்கி நண்பர்: கீ விஷயம் எனக்குப் புதிது. பரிசோதித்துப் பார்க்கிறேன். 10 முயற்சி, 30 நிமிடம் என்று மாற்றச் சொல்லி எழுதியும் கேட்கிறேன். ஆனால் பூட்டு வேண்டும் என்பதில் மாறவில்லை.

பதில்: மாற வேண்டாம். பூட்டு விழும் ஒவ்வொரு முறையும் ஒருவர் பார்க்கிறார் என்றால் எனக்கும் சம்மதம்தான்.

கேள்வி: என் சர்வரில் 8,000 தோல்வி...

பதில்: தயவுசெய்து மேலே படியுங்கள். இதே கேள்விக்கு மூன்றாவது முறை பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: பிடிஎம்பி 1 ஜிபி ஆகிவிட்டது. அழித்துவிடலாமா?

பதில்: ஒரு தோல்விக்கு 384 பைட். அப்படியானால் உங்களிடம் 28 லட்சம் தோல்விகள் இருக்கின்றன. பழைய பதிவுகளைச் சுழற்றி அகற்றும் லாக்ரொட்டேட் ஓடவில்லை என்றும் தெரிகிறது. அழிக்காதீர்கள். சுருக்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு ரொட்டேட்டைச் சரிசெய்யுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். 2022 ஏப்ரல் 28-இல் அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. லாக்ரொட்டேட்டின் வழக்கமான அமைப்பில் பிடிஎம்பி மாதம் ஒருமுறை சுழன்று ஒரே ஒரு பழைய பிரதிதான் மிஞ்சும். மாற்றாமல் விட்டால் ஆறு மாதம் கழித்து கேட்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அதே உத்தரவு கடிகாரத்தை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல்லின் நேர சர்வரோடு ஒத்துப்போகச் செய்யவும் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஒரு சர்வர் உலகப் பொது நேரமான யூடிசியிலும் இன்னொன்று இந்திய நேரத்திலும் எழுதினால், ஐந்தரை மணி நேர இடைவெளியில் ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார்.

கேள்வி: உள்ளே வந்தவர் ரூட் ஆகிவிட்டால் பதிவையே அழித்துவிடுவாரே?

பதில்: அழிப்பார். அதனால் பதிவு எழுதப்படும் அதே நொடியில் இன்னொரு கணினிக்கும் போக வேண்டும், அந்தக் கணினியில் இந்தச் சர்வர்க்காரர் யாருக்கும் கணக்கு இருக்கக் கூடாது. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபோர்ட் ஸ்டோல், கணினி நேரக் கணக்கில் 75 சென்ட் உதைத்ததைத் துரத்திப் போய், ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவரைப் பிடித்தார். உள்ளே வந்தவரின் ஒவ்வொரு தட்டலையும் அவர் பிரின்டரில் அச்சடித்து வைத்தார். தாளில் விழுந்த எழுத்தை ரூட்டாலும் அழிக்க முடியாது.

கேள்வி: பயனர்களையே இதில் சேர்த்துக்கொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. பழைய விஎம்எஸ் கணினிகள், நீங்கள் நுழைந்ததும், கடைசி வெற்றிக்குப் பின் இத்தனை தோல்வி என்று திரையில் காட்டும். பாம்_லாஸ்ட்லாக் கிடைக்கும் பதிப்புகளில் ‘ஷோஃபெயில்ட்’ என்ற அமைப்பைச் சேர்த்தால் லினக்ஸும் காட்டும். அந்த ஏழு தோல்வி என்னுடையது இல்லை என்று சொல்லக்கூடியவர் அந்தக் கணக்கின் சொந்தக்காரர் ஒருவர்தான்.

கேள்வி (கல்லூரி ஆய்வகத் தம்பி, மறுபடி): அண்ணா, நீங்கள் சொன்னபடி பிரித்துப் பார்த்தேன். ஒரு முதுகலை மாணவி பெயரில் ஞாயிறு இரவு 5 தோல்வி, அதே வெளி முகவரியிலிருந்து ஆறாவது வெற்றி. அந்த முகவரியில் அவர் இதற்கு முன் வந்ததே இல்லை. சர்வரை ரீபூட் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம், ரீபூட் செய்தால் நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும். முதலில் ஆத்.லாக், பிடிஎம்பி, டபிள்யூடிஎம்பி மூன்றையும் வேறு கணினிக்கு நகலெடுங்கள். இப்போது யார் உள்ளே இருக்கிறார்கள் என்று டபிள்யூ கட்டளையில் பாருங்கள். பிறகு அந்தக் கணக்கின் ஆத்தரைஸ்ட் கீஸ் கோப்பில் புதிய கீ ஏறியிருக்கிறதா, கிரான்டேப்பில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதி அடையாதீர்கள், கீ இருந்தால் அது திறந்தே கிடக்கும். ஊருக்குப் போய் வேறு நெட்டிலிருந்து அவரே நுழைந்திருக்கவும் கூடும். மெயில் அனுப்பாதீர்கள், அதை வேறொருவர் படித்துக்கொண்டிருக்கலாம். ஞாயிறு இரவு எங்கே இருந்தார் என்று அவருக்கு இப்போதே போன் செய்து கேளுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.