பத்தாவது படிக்கும் பையனிடம் முதலில் எதைக் கவனிப்பது?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் பள்ளிக்குப் போகும் மகன் மதுவுக்கோ கஞ்சாவுக்கோ பழகிவிடுவானோ என்று கேட்டிருக்கிறீர்கள். இலங்கைக்குக் கடத்தும் கஞ்சா நம் கரையில் பிடிபடுவதுதான் செய்தியில் வருகிறது. ஆனால் முதலில் கவனிக்க வேண்டியது புகையிலை. கூல் லிப் மாதிரிப் புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்காரலாம், புகை வராது. வளரும் மூளையைப் புகையிலையில் இருக்கும் நிகோடின் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். மெல்லும் புகையிலையான குட்காவுக்குத் தமிழ்நாட்டில் 2013 முதல் தடை இருந்தும் ரகசியமாகக் கிடைக்கிறது.

பீர் பெரும்பாலும் திருவிழா, கல்யாணம் என்று கூட்டாளிகளோடு தொடங்கும். 21 வயதுக்குக் கீழே மது விற்கக் கூடாது. அப்படியானால் வாங்கித் தரும் பெரியவர் யார்? அப்புறம், 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாவே வீட்டில் குடித்தால், பையனை மட்டும் திட்டிப் பயனில்லை.

வாய்ப்புண், அடிக்கடி காசு கேட்பது தெரிந்தால் அடிக்காதீர்கள், பேசுங்கள். போதை மீட்புக்கான இலவச உதவி எண் 14446.