காலிக்கு ஓர் எட்டு

அன்புள்ள அக்கா,

வரும் நவம்பரில் அலுவலக வேலையாக கொலம்பியாவின் போகோட்டாவுக்குப் போகிறேன். வேலை முடிந்தபிறகு நான்கு நாட்கள் கையில் இருக்கின்றன. நீங்கள் அதே நாட்டின் காலி நகரத்தில் சால்சா நடன வகுப்புக்குப் போனதாக ஒரு கட்டுரையில் ஒற்றை வரியில் எழுதியிருந்தீர்கள். அது மனதில் ஒட்டிக்கொண்டது. எனக்கும் போகவேண்டும்.

ஆனால் வயது 43. பள்ளி ஆண்டு விழாவில் கடைசி வரிசையில் நின்றதோடு என் ஆட்டம் முடிந்தது. ஒரே ஒரு வகுப்பில் என்ன வந்துவிடப் போகிறது, சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தும் நாடகம்தானே அது என்று என் மகள் சிரிக்கிறாள். முன்பின் தெரியாத ஆணின் கையைப் பிடித்து ஆடவேண்டும் என்பதும் உள்ளுக்குள் உதைக்கிறது. குடிப்பதில்லை. தனியாக வேறு போகிறேன். இரவு விடுதியில் எனக்கு என்ன வேலை இருக்கும்? சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வருவதற்கு அறையிலேயே இருந்துவிடலாமோ?

ஆர்.

---

அன்புள்ள ஆர்.,

முதலில் ஊர்ப் பெயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலி என்று பெயரை வைத்துக்கொண்டு, சனிக்கிழமை இரவில் உட்கார ஒரு நாற்காலிகூடக் காலியாக இல்லாத ஊர் அது. இந்த மொக்கை ஜோக்கை மூன்று நாள் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்ல ஒரு தமிழ் ஆள் கிடைக்கவில்லை. இப்போது நீங்கள் மாட்டினீர்கள்.

உங்கள் மகள் சொல்வதில் பாதி சரி. ஒரு வகுப்பில் சால்சா வராது. ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டக்காரியாகிவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்துக்குப் போகவேண்டாம். ஆனால் வகுப்புக்குப் போகாமல் நேராக இரவு க்ளப்புக்குப் போனால், அங்கே நடப்பதைப் பார்க்கத்தான் முடியும், அது காதில் விழாது. நான் வகுப்புக்குப் போகச் சொல்வது காலுக்காக அல்ல, காதுக்காக.

என் வகுப்பு ஒரு மாடி அறையில் நடந்தது. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, மூலையில் சத்தம் போடும் ஒரு மின்விசிறி. பன்னிரண்டு பேர் இருந்தோம், நான்தான் மூத்தவள். அடிப்படை மிகச் சுலபம். எட்டு எண்ணிக்கை. 1, 2, 3இல் அடி வைக்கவேண்டும், 4இல் நிற்கவேண்டும். 5, 6, 7இல் அடி, 8இல் மறுபடி நிறுத்தம். தமிழில் எட்டு என்றால் எண்ணும்தான், காலடியும்தான். 'ஓர் எட்டு போய்விட்டு வா' என்று சொல்கிறோமே, அந்த எட்டு. இது நமக்காகவே செய்த நடனம் போலிருக்கிறதே என்று முதல் ஐந்து நிமிடம் நினைத்தேன்.

ஆறாவது நிமிடத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. ஆறு அடிகளையும் யாரும் வைத்துவிடலாம். உயிரை வாங்குவது அந்த இரண்டு நிறுத்தங்கள். நடந்தே பழகிய கால் சும்மா இருக்காது, 4இலும் ஓர் அடி வைத்துவிடும். உடனே 5இல் ஒரு கால் வரவேண்டிய இடத்தில் மறு கால் வரும். அப்புறம் எல்லாம் தப்பு. எதிரில் நிற்பவரின் பாதம் உங்கள் பாதத்துக்கு அடியில் இருக்கும். நான் இரண்டு ஜெர்மானியர்களையும் ஒரு போகோட்டா மாணவனையும் மிதித்தேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஜோடியை மாற்றிவிடுவதால் இந்தப் பாவம் எல்லாருக்கும் சமமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. காலி பாணியில் அந்த நிறுத்தத்தில் கால் நுனியால் தரையில் ஒரு தட்டு தட்டச் சொல்லித்தருகிறார்கள். எனக்கு அதுதான் கைகொடுத்தது. குறும்புக்காரப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பதுபோல.

வகுப்பின் பாதியில் ஆசிரியை எங்களைத் தரையில் உட்காரச் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும் பெண். ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, மணிச் சத்தம் கேட்டதும் கைதூக்கச் சொன்னார். மணி என்றால் மாட்டு மணி போன்றதுதான், நாக்கு கிடையாது, குச்சியால் அடிப்பார்கள். அவர்கள் மொழியில் கம்பானா. பாட்டு தொடங்கியது, பாடகர் கதை சொல்லிக்கொண்டே போனார், மணியைக் காணவில்லை. பாதிக்குமேல் போனபிறகு, குழுவாகப் பாடும் பல்லவி எழுந்ததும் டங் டங்கென்று வந்து விழுந்தது. அதன் காரணத்தை ஆசிரியை நடித்தே காட்டினார். பாட்டின் முதல் பகுதியில் போங்கோ என்ற இரட்டைச் சிறுமுரசை வாசிப்பவர், பல்லவி தொடங்கியதும் அதைக் கீழே வைத்துவிட்டு மணியைக் கையில் எடுக்கிறார். இரண்டும் ஒரே ஆளின் வேலை. மொந்துனோ என்று அந்தப் பகுதிக்குப் பெயர். மணியின் கனமான அடிகள் 1, 3, 5, 7இல் விழும். எண்ணத் தெரியாதவர்கள்கூட அதைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்.

இதற்கெல்லாம் அடியில் க்ளாவே என்று ஒன்று ஓடும். எட்டு எண்ணிக்கைக்குள் ஐந்து தட்டு, ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. இரண்டு மரக்குச்சிகளை மோதித் தட்டுவார்கள். சில பாடல்களில் அதை யாருமே தட்டமாட்டார்கள், ஆனாலும் வாசிப்பவர்கள் எல்லாரும் மனதுக்குள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஆதி தாளம் தெரிந்தவள் என்ற மிதப்பில் நான் நேராக இந்த க்ளாவேயைப் பிடிக்கப் போய்த் தோற்றேன். எண்ணிக்கை எட்டுதான், அழுத்தம் விழும் இடம் வேறு. நீங்கள் அதைத் துரத்தவேண்டாம். மணி போதும்.

நாடகமா என்ற கேள்விக்கு வருகிறேன். சால்சா காலியில் பிறக்கவில்லை. அதன் வேர் கியூபாவின் சோன் இசை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நியூயார்க்கில் குடியேறிய போர்ட்டோ ரிக்கோ, கியூபாக்காரர்கள் அதற்குப் புது உடம்பு கொடுத்தார்கள். 1964இல் ஜானி பச்சேக்கோவும் ஜெர்ரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா நிறுவனத்தின் இசைத்தட்டுகள் வழியாகத்தான் சால்சா என்ற பெயரே உலகமெங்கும் பரவியது. காலிக்கு அது இசைத்தட்டாகத்தான் வந்தது. பசிபிக் கரையில் இருக்கும் புவெனவெந்துரா துறைமுகத்தில் மாலுமிகள் கொண்டுவந்து இறக்கிய தட்டுகள் மலையேறி ஊருக்குள் வந்ததாகச் சொல்வார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று சுற்றவேண்டிய தட்டை 45இல் ஓடவிட்டு ஆடினார்கள் காலிக்காரர்கள். நான்கு நிமிடப் பாட்டு மூன்றே நிமிடத்தில் முடிந்துவிடும். பாடகரின் குரல் கீச்சென்று போகும், அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. அந்த வேகத்துக்குக் கால் ஈடுகொடுத்தாக வேண்டும். இன்றைக்குக் காலி ஆட்டத்தைப் பார்ப்பவர்கள் முதலில் கவனிப்பது, இடுப்புக்கு மேலே அமைதியாக இருக்கிற ஆட்களின் கால்கள் மட்டும் தந்தி அடிப்பதைத்தான். அதன் பூர்வீகம் இந்தத் தட்டு விஷயம்.

ஆக, காலி என்பதே கேட்டுக் கற்றுக்கொண்ட ஊர். அடுத்தவர் ஊர்ப் பாட்டைக் கேட்டு, தன் இஷ்டத்துக்கு முடுக்கிவிட்டு, தனதாக்கிக்கொண்ட ரசிகர்களின் ஊர். அவர்களிடம் போய் 'நான் வெளியாள், எனக்கு இதில் உரிமை உண்டா' என்று தயங்கினால் சிரிப்பார்கள்.

ஊர்க்கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசையாக இருக்கிறது. 1956 ஆகஸ்ட் 7 அதிகாலையில், வெடிமருந்து ஏற்றி நிறுத்தியிருந்த ராணுவ லாரிகள் காலியின் நடுவிலேயே வெடித்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துவண்டுபோன ஊரை எழுப்புவதற்காக அடுத்த ஆண்டு, 1957 டிசம்பரில் தொடங்கியதுதான் ஃபெரியா என்ற பெருவிழா. 1968 விழாவுக்கு நியூயார்க்கிலிருந்து ரிச்சி ரே, பாபி குரூஸ் என்ற சால்சா இசை ஜோடி வந்து வாசித்ததை இன்றும் நேற்று நடந்ததுபோலப் பேசுகிறார்கள். இப்போது ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் சால்சோத்ரோமோ என்ற நடன ஊர்வலத்தோடு விழா ஆரம்பிக்கிறது. நவம்பரில் போவதால் நீங்கள் அதைத் தவறவிடுவீர்கள். ஆனால் விழாவுக்காக நடனப் பள்ளிகள் ஒத்திகை பார்க்கும் நேரம் அது. எனக்கு எப்போதுமே கச்சேரியைவிட ஒத்திகைதான் பிடிக்கும்.

சரி, இரவு. வகுப்பு முடிந்த அன்றே போனேன். கால் வலித்தது, ஆடும் எண்ணம் இல்லை. சல்சோதேக்கா என்று அவர்கள் சொல்லும் இடம், சுவரெல்லாம் பழைய இசைத்தட்டு உறைகளும் பாடகர்களின் படங்களும். பக்கத்து மேசையில் எழுபது வயதிருக்கும் ஒருவர், வெள்ளைச் சட்டை, தனியாக உட்கார்ந்திருந்தார். மேசைமேல் துணியில் சுற்றிய ஒரு பொருள். ஒரு பாட்டு பாதியைத் தாண்டும்போது துணியைப் பிரித்தார். மணி! சொந்த மணி, சொந்தக் குச்சி. பல்லவி எழுந்த அதே நொடியில் தட்டோடு சேர்ந்து அடிக்கத் தொடங்கினார். இன்னும் இரண்டு மூலைகளிலிருந்து வேறு மணிகள் சேர்ந்துகொண்டன. இவர்களுக்குக் கம்பானேரோ என்று பெயராம். ஆடுவதற்கு அல்ல, பாட்டுக்குள் புகுந்துகொள்வதற்காக வருகிறவர்கள்.

அடுத்த பாட்டில் நானும் அந்த இடத்துக்காகக் காத்திருப்பதைக் கவனித்தேன். இதோ வரப்போகிறது, இதோ என்று. அவர் குச்சியைத் தூக்குவதற்கு அரை நொடி முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எங்களுக்குள் பொது மொழி எதுவும் இல்லை. வேடிக்கை பார்ப்பதைச் சும்மா என்று எழுதியிருக்கிறீர்களே, ஆர்., அங்கே இரண்டு மணி நேரம் நாற்காலியைவிட்டு எழாமல் இருந்தேன், ஒரு நிமிடம்கூடச் சும்மா இருந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு ஆடினேன், ஒரே ஒரு பாட்டு, அதுவும் பாதியிலிருந்து. அழைத்த இளைஞனிடம் 'மணி வரட்டும்' என்று சைகையில் சொன்னேன். புரிந்துகொண்டு காத்திருந்தான். நீங்களும் இதைச் செய்யலாம். எங்கே 1 என்று தெரியாமல் தவிப்பது பாட்டின் முதல் பாதியில்தான்.

அந்நிய ஆணின் கை பற்றி: அவர் வலது கை உங்கள் முதுகில் தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கவேண்டும். அங்கிருந்துதான் திரும்பு, நில் என்ற சேதியெல்லாம் வருகிறது, அங்கே ஒரு வேலை இருக்கிறது அதற்கு. கீழே இறங்கினால் வேலை இல்லாத கை என்று பொருள். உங்கள் இடது உள்ளங்கையை அவர் தோளின் முன்பக்கத்தில் வைத்து அழுத்தினால் இடைவெளி தானாக வரும். வகுப்பிலேயே இதைக் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிடிக்கவில்லை என்றால் பாட்டின் நடுவிலேயே நன்றி சொல்லிவிட்டு மேசைக்கு வந்துவிடலாம். அழைப்பு வரும்போதே 'நோ, கிராசியாஸ்' என்றால் போதும், காரணம் யாரும் கேட்பதில்லை. நீங்களாகப் போய் ஒருவரை அழைப்பதும் அங்கே சாதாரணம். ஆட்டத்தின் நடுவே பாடம் எடுக்கும் ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு பாட்டுக்குமேல் ஆடாதீர்கள்.

குடிக்காததால் ஒன்றும் குறையாது. அங்கே மேசைக்கு ஒரு புட்டி அகுவார்தியெந்தே, சோம்பு மணக்கும் கரும்புச் சாராயம், வாங்கிவைத்துச் சின்னச் சின்னக் கோப்பையில் பகிர்வார்கள். அன்போடு உங்கள் பக்கமும் நீட்டுவார்கள். நெஞ்சில் கைவைத்துச் சிரித்தபடி மறுத்துவிடுங்கள். அன்பு இருக்கட்டும், தெரியாதவர் கொடுத்த எதையும் குடிக்கக் கூடாது என்பதில் மட்டும் கறாராக இருங்கள், தண்ணீரானாலும். ஸ்கோபோலமைன் என்ற மருந்தைக் கலந்து நினைவை மழுங்கடித்துக் கொள்ளையடிப்பது கொலம்பிய நகரங்களில் நிஜமாகவே நடக்கிறது. ஆட எழுந்தால் மேசையில் விட்டுப்போன கோப்பையை மறந்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள். 'நோ தார் பப்பாயா' என்று அவர்களிடம் ஒரு சொலவடை. பப்பாளியைக் கொடுக்காதே. அதாவது, தட்டிப்பறிக்க நீயே வழி செய்து தராதே. தெருவில் நின்று போனைப் பார்ப்பது பப்பாளி. நள்ளிரவில் நடந்து திரும்புவது பெரிய பப்பாளி. க்ளப்காரர்களையே வண்டி அழைத்துத் தரச் சொல்லி, அது வரும்வரை உள்ளேயே இருங்கள்.

இரவே வேண்டாம் என்று தோன்றினால் வியேஹோதேக்காவுக்குப் போங்கள். தொண்ணூறுகளில் முதியவர்களுக்காகத் தொடங்கிய ஆட்டக்கூடல்கள் அவை, பிறகு எல்லா வயதினரும் நுழைந்துவிட்டார்கள். பகலிலேயே ஆரம்பித்துவிடும். அங்கே நீங்கள் சின்னப்பெண்.

செருப்பு விஷயம் மறந்துவிட்டேன். ரப்பர் அடி உள்ள ஓட்டக்காலணி வேண்டாம், தரையைப் பிடித்துக்கொள்ளும், திரும்பும்போது முழங்கால் போய்விடும். அடிப்பக்கம் வழுக்கும்படி ஏதாவது, பின்னால் வார் வைத்தது. கைக்குட்டையும் ஒன்று. மாலையில் மலையிலிருந்து காற்று இறங்கும், ஆனால் க்ளப்புக்குள் அது வராது. லுலோ பழத்தை மசித்துச் செய்யும் லுலாடா என்ற பானத்தை நான் சொன்னேன் என்று ஒருமுறை குடியுங்கள்.

திரும்பி வந்ததும் எழுதுங்கள், 33இல் ஆடினீர்களா 45இலா என்று. மகளையும் உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டு, மணி எங்கே வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
அக்கா