இன்ஸ்டால் ஆகவில்லை, சார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீரியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆற்றில் வெள்ளம் எப்படி நகரும் என்று கணக்கிட நான் எழுதிய நிரல்தான் என் ஆய்வில் பாதி. கணக்குப் பகுதி ஃபோர்ட்ரான் மொழியில், அதை இயக்குவது பைத்தான் மொழியில். போன வருடம் திறமூல உரிமத்தோடு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டேன். அன்றிலிருந்து மெயில் நிற்கவில்லை. எல்லாம் ஒரே பாட்டு: "இன்ஸ்டால் ஆகவில்லை, சார்." ஸ்கிரீன்ஷாட் அனுப்புவார்கள், அதில் கடைசி இரண்டு வரிதான் தெரியும். நிரலோடு வரும் ரீட்மீ என்ற வழிகாட்டிக் கோப்பில் எல்லாம் எழுதித்தான் வைத்திருக்கிறேன். நிரலை இயந்திர மொழியாக மாற்றும் கம்பைலர் என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு இது எதற்கு? முயன்று கற்றுக்கொள்பவர் கற்றுக்கொள்ளட்டும் என்று தோன்றுகிறது. என் நெறியாளரோ, இதில் போகும் நேரத்தில் இன்னொரு கட்டுரை எழுதலாம் என்கிறார். இலவசமாகக் கொடுத்தவனுக்கு அதற்கு மேலும் கடமை உண்டா?

ஓர் ஆய்வு மாணவர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

கடமை இல்லை. எம்ஐடி, ஜிபிஎல் என்று எந்தத் திறமூல உரிமமானாலும் 'உத்தரவாதம் எதுவும் கிடையாது' என்ற பத்தி உங்கள் உரிமத்திலேயே இருக்கும். யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் 'முயன்று கற்றுக்கொள்பவர் கற்றுக்கொள்ளட்டும்' என்கிறீர்களே, அதில் எனக்கு உடன்பாடில்லை.

இன்ஸ்டால் செய்வதில் உள்ள சிரமம் திறமை உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிப்பதில்லை. பக்கத்தில் சீனியர் இருப்பவரையும் இல்லாதவரையும்தான் பிரிக்கிறது. பெரிய ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த மாணவருக்கு அடுத்த மேசையில் ஒருவர் இருப்பார். "அந்த வெர்ஷன் வேண்டாம், இதைப் போடு" என்பார், வேலை முடிந்துவிடும். அந்த ஒரு வாக்கியம் எந்த ரீட்மீயிலும் இருக்காது. எங்கோ ஒரு கல்லூரியில் எம்எஸ்சி புராஜெக்ட்டுக்காக இரவல் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. வெள்ளக் கணக்கு அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கலாம். ஆனாலும் முதல் நாளே தோற்று, இது நமக்கு வராது என்று மூடிவைத்துவிடுவாள். உங்களுக்கு மெயில் போடுகிறவர்களாவது கேட்கத் துணிந்தவர்கள். அவள் கணக்கிலேயே வரமாட்டாள்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் சைபை என்ற பைத்தான் அறிவியல் கணக்கு நூலகம். 2001-ல் ட்ராவிஸ் ஒலிஃபன்ட், எரிக் ஜோன்ஸ், பேரு பீட்டர்சன் மூவரும் தொடங்கியது. (ஃபோர்ட்ரானைப் பைத்தானோடு இணைக்கும் எஃப்டூபை அந்தப் பீட்டர்சன் எழுதியதுதான், அநேகமாக நீங்களும் அதைத்தான் பயன்படுத்தியிருப்பீர்கள்.) உள்ளே இருந்தது லாபேக், குவாட்பேக், மின்பேக் என்று வருடக்கணக்கில் பலர் சோதித்துப் பார்த்த பழைய ஃபோர்ட்ரான் நூலகங்கள். கணக்கில் குறையில்லை. சிக்கல் விண்டோஸில். அங்கே பைத்தானை மைக்ரோசாஃப்டின் கம்பைலரால் கட்டுகிறார்கள், அதாவது மூலநிரலை ஓடும் கோப்பாக்குகிறார்கள். அதில் ஃபோர்ட்ரான் கிடையாது. இலவசமாகக் கிடைக்கும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரோ அதோடு சரியாக ஒத்துப்போகவில்லை. 32 பிட்டுக்கு ஒரு எக்ஸி கோப்பு கொடுத்தார்கள், 64 பிட்டுக்கு அதுவும் இல்லை. பைத்தான் தொகுப்புகளை இன்ஸ்டால் செய்யும் பிப் கட்டளையைத் தட்டினால் மூலநிரலை இறக்கி, அங்கேயே கட்ட முயன்று, பக்கம் பக்கமாக எதையோ ஓட்டிவிட்டு, லாபேக்கும் அதற்கு அடிப்படையான பிளாஸ் நூலகமும் கிடைக்கவில்லை என்று சொல்லி விழுந்துவிடும். லாபேக் என்றால் என்ன, அதை நான் எங்கே தொலைத்தேன் என்றுதான் புதியவருக்குத் தோன்றும். பைத்தான் தொகுப்புகளின் பொதுக் கிடங்கான பைபிஐயில் விண்டோஸுக்கான வீல் (முன்கூட்டியே கட்டிவைத்த தொகுப்பு) முதன்முதலாக வந்தது 2017 அக்டோபரில், சைபை 1.0 வெளியானபோது. பதினாறு வருடம்!

அதுவரை உலகம் எப்படிச் சமாளித்தது? பெரும் பங்கு ஒரு தனி மனிதரால். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தில் இருந்த கிறிஸ்டோஃப் கோல்கே, விண்டோஸில் கட்டக் கஷ்டமான பைத்தான் தொகுப்புகளைத் தானே கட்டித் தன் பக்கத்தில் வைத்தார். 'அதிகாரபூர்வமற்றவை' என்று தலைப்பிலேயே போட்டிருந்தார். நீரியல்காரர்களுக்கு வரைபடத் தரவைப் படிக்கும் ஜிடால் நூலகம் வேண்டுமென்றாலும் அங்கேதான் போக வேண்டும். 2022-ல் அவருடைய ஆய்வகத்துக்கு நிதி நின்றது, அந்தச் சேவையும் முடிவுக்கு வந்தது. அவர் கட்டித் தந்த கோப்புகளால் ஓடிய ஆய்வுகள் எத்தனையோ. மேற்கோள் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள், அரிதாகத்தான் அகப்படும். உங்கள் நெறியாளர் சொல்லும் கணக்கு இப்படித்தான் வேலை செய்கிறது.

ஒலிஃபன்ட்டையும் கவனியுங்கள். பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பையை 2006-ல் 1.0-க்குக் கொண்டுவந்தவர். அடுத்து அல்காரிதம் எழுதப் போகாமல், 2012-ல் பீட்டர் வாங்கோடு சேர்ந்து கம்பெனி தொடங்கி, அறிவியல் தொகுப்புகளைச் சேர்த்துத் தரும் அனகோண்டாவைக் கொண்டுவந்தார். அதில் இன்ஸ்டால் வேலையைச் செய்யும் கருவி காண்டா. அதன் முக்கியமான யோசனை, பைத்தான் அல்லாதவற்றையும் சேர்த்தே பொட்டலம் கட்டுவது. உங்கள் ஃபோர்ட்ரான் நிரலுக்குத் தேவைப்படும் ரன்டைம் நூலகம், தரவுக் கோப்புகளைப் படிக்கும் நெட்சிடிஎஃப், ஜிடால் எல்லாம் அதில் கூடவே வரும். 2015-ல் தன்னார்வலர்கள் காண்டா-ஃபோர்ஜ் என்ற பொதுக் கிடங்கைத் தொடங்கியபின் யார் வேண்டுமானாலும் தன் தொகுப்புக்கு ஒரு செய்முறைக் கோப்பு எழுதிக் கொடுக்கலாம் என்றானது. மூன்று இயங்குதளங்களுக்கும் கட்டுவதை அவர்களுடைய இயந்திரங்கள் பார்த்துக்கொள்ளும். ஒன்று சொல்லவேண்டும்: அனகோண்டா 2020-ல் தன் விதிகளை மாற்றி, பெரிய நிறுவனங்களிடம் கட்டணம் கேட்கத் தொடங்கியது. அதனால் புதியவர்களுக்கு மினிஃபோர்ஜ் என்ற சிறிய காண்டா நிறுவியைக் கைகாட்டுங்கள், அது நேராகக் காண்டா-ஃபோர்ஜிலிருந்து எடுக்கும்.

லினக்ஸ்காரர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்பார்கள். நம்பாதீர்கள். புதிய சிஸ்டத்தில் கட்டிய பைனரி பழைய சிஸ்டத்தில் ஓடாது, லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் தேவையான பதிப்பு இல்லை என்று நின்றுவிடும். 2016-ல் மெனிலினக்ஸ் என்ற பொது விதி வந்துதான் பைபிஐயில் லினக்ஸுக்கான வீல்களே சாத்தியமாயின. அப்போதைய தீர்வு ரொம்ப எளிமை: வேண்டுமென்றே பழைய சென்டோஸ் 5 லினக்ஸில் கட்டு, பழையதில் கட்டியது புதியதில் ஓடும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்று உங்களுக்குப் பதினாறு வருடம் தேவையில்லை. சிஐபில்டுவீல் என்று ஒரு கருவி இருக்கிறது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அதைப் பொருத்தினால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் விண்டோஸ், மேக், லினக்ஸ் வீல்கள் தயாராகிவிடும். பொது நிரல்களுக்கு கிட்ஹப்பின் அந்தத் தானியங்கிச் சேவை இலவசம். முதல்முறை பொருத்தும்போது தலைவலிதான், மறுக்கவில்லை. இன்னொன்று: உங்கள் செட்டப் கோப்பு நம்பை டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய கட்டும் கருவியை நம்பியிருந்தால், பைத்தான் 3.12-லிருந்து அது கிடையாது. உங்களுக்கு வரும் மெயில்களில் பாதி அதனால்கூட இருக்கலாம். சைபையே மெசான் என்ற புதிய கட்டும் கருவிக்கு மாறிவிட்டது, நீங்களும் மாறிவிடுங்கள்.

இன்ஸ்டால் செய்ய ஒரே ஒரு வழியை முதலில் சொல்லுங்கள். உங்கள் ரீட்மீயை நான் பார்க்கவில்லை, ஆனால் ஆய்வு நிரல்களின் ரீட்மீக்கள் பெரும்பாலும் எப்படி இருக்கும் என்று தெரியும்: பிப், காண்டா, டாக்கர், மூலநிரல் என்று நான்கையும் சமமாக அடுக்கியிருப்பார்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் புதியவருக்குத் தெரியாத ஒன்று. அந்த முடிவை அவர் தலையில் கட்டுவது சரியல்ல. மற்ற மூன்றையும் கீழே தள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன மாதிரித் தரவையும் அதற்கு வரவேண்டிய வரைபடத்தையும் கூடவே வையுங்கள். படம் ஒத்துப்போனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார்.

ஸ்கிரீன்ஷாட் தொல்லைக்கும் வழி உண்டு. பாண்டாஸ், சைகிட்-லேர்ன் என்ற பைத்தான் நூலகங்கள் இரண்டிலும் ஷோ வெர்ஷன்ஸ் என்று ஒரு கட்டளை இருக்கிறது. தட்டினால் இயங்குதளம், பைத்தான், சார்ந்துள்ள தொகுப்புகளின் பதிப்புகள் எல்லாவற்றையும் எழுத்தாகக் கொட்டும். அதே மாதிரி உங்கள் நிரலிலும் ஒன்று எழுதி, அதன் விடையை ஒட்டினால்தான் பதில் என்று சொல்லிவிடுங்கள். மெயிலில் பதில் எழுதாதீர்கள். கேள்வியை கிட்ஹப்பின் இஷ்யூ பக்கத்தில் போடச் சொல்லி அங்கே எழுதுங்கள். மெயிலில் எழுதிய பதில் ஒருவரோடு போய்விடும். அங்கே எழுதியதை, நான் சொன்ன அந்தப் பெண் யாரிடமும் கேட்காமல் தேடி எடுத்துக்கொள்வாள். எதற்கெல்லாம் உதவ மாட்டீர்கள் என்பதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள். 32 பிட் கிடையாது, இந்தப் பதிப்புக்குக் கீழே கிடையாது. அதில் தப்பே இல்லை, தெரியாமல் இரண்டு நாள் முட்டிக்கொள்வதைவிட அது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

கம்பைலர் தெரியாதவருக்கு இது எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைப் போட்டுப் பாருங்கள். சைலாப், லாடெக், பைத்தான் என்று நிறைய இருக்கின்றன. திரையில் ஆங்கிலம், குரல் தமிழில். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தை ஒட்டி, பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்து பார்க்கிற மாதிரி. கற்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொண்டே அவற்றைச் செய்திருக்கிறார்கள். உங்கள் ரீட்மீயின் முதல் பக்கத்தை அந்த மனநிலையில் திருத்தி எழுதலாம்.

நெறியாளருக்கு என்ன சொல்வது? ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்று ஓர் ஆய்விதழ் 2016-லிருந்து வருகிறது. கட்டணம் கிடையாது, மேற்கோள் காட்ட உதவும் டிஓஐ எண் உண்டு. கட்டுரை சில பக்கம்தான். அவர்கள் மதிப்பிடுவது நிரலை. மதிப்பீட்டாளருக்குக் கொடுக்கும் சரிபார்ப்புப் பட்டியலில் 'ஆவணத்தில் சொன்னபடி இன்ஸ்டால் ஆகிறதா' என்பதும் ஒரு கேள்வி. நெறியாளர் கேட்ட இன்னொரு கட்டுரை இதுவாகவே இருக்கட்டும்.

அனுப்புவதற்கு முன் உங்கள் துறையில் இந்த நிரலைப் பார்த்தேயிராத ஒரு ஜூனியரைப் பிடியுங்கள். அவர் லேப்டாப்பில், உங்கள் ரீட்மீயை மட்டும் வைத்து இன்ஸ்டால் செய்யச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது. அவர் திரும்பி உங்கள் முகத்தைப் பார்க்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரீட்மீயில் திருத்தவேண்டியவை அவைதான்.