டூர் குரூப்போடு டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போகலாமா?

"வயதான அம்மா அப்பாவை டூர் குரூப்பில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் கூட்டிப் போகலாமா? முதல் முறை போனவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் பணம் கட்டும் முன்பே, ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று கேட்டுவிடுங்கள். நோட்டீஸில் இடங்களின் பெயர்தான் இருக்கும், நேரம் இருக்காது.

மதுரையிலிருந்து அம்மாவோடு ஒரு குரூப்பில் போனேன். முதலில் மனதில் பதிந்தது சாப்பாடுதான். சமையல்காரர்களைக் கூடவே அழைத்து வந்திருந்தார்கள். விடியும் முன்பே லாட்ஜின் பின்பக்கம் கேஸ் அடுப்பு எரியத் தொடங்கிவிடும். நாங்கள் குளித்துவிட்டு இறங்கினால் இட்லியும் காபியும் தயார். மதியத்துக்குப் புளியோதரை பாத்திரத்தோடு பஸ்ஸில் ஏறிவிடும். சுகர், பிரஷர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது எத்தனை பெரிய நிம்மதி என்பதைக் கூட இருந்து பார்த்தேன். ரயிலிலேயே எல்லோரும் ஒட்டிக்கொண்டார்கள். ஜெய்ப்பூர் பக்கத்து ஆமேர் கோட்டையில் அம்மாவுக்கு முட்டி வலி. பக்கத்து சீட் அக்கா, "தம்பி, அம்மாவோட நான் உட்கார்ந்திருக்கேன், நீ போய் நல்லா பார்த்துட்டு வா" என்றார். தனியாகப் போயிருந்தால் இந்த ஒத்தாசை கிடைத்திருக்காது.

குறை நேரத்தில்தான். தாஜ்மஹாலில் கைடு, பளிங்கில் பதித்த ஒரு பூவின் மேல் செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். அதிலிருந்த சிவப்புக் கல் கங்கு மாதிரி உள்ளிருந்து ஒளிர்ந்தது. அம்மா அந்தச் சுவரை விட்டு நகரவே இல்லை. அதற்குள் கிளம்பச் சொல்லிவிட்டார்கள். அடுத்து நேராக ஒரு பளிங்குக் கடை. அங்கே மட்டும் யாரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் நேரமில்லை என்று ஆக்ரா கோட்டையை பஸ்ஸிலிருந்தே காட்டினார்கள். மகன் ஔரங்கசீப் 1658-இல் சிறைவைத்த ஷாஜகான், 1666-இல் சாகும்வரை அந்தக் கோட்டையில்தான் இருந்தார். அங்கே முஸம்மன் புர்ஜ் மாடத்தில் நின்றால் யமுனைக் கரையில் தூரத்தில் தாஜ் தெரியும். அதைப் பார்க்காமல் தாஜ்மஹாலைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் மனசு நிறைந்தது. இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர் கட்டிய வானாய்வுக் கூடம் அது. அங்குள்ள சாம்ராட் யந்திரம் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரம். அதன் நிழல் நொடிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நகரும். கல்லில் வெட்டிய கோட்டருகே விரலை வைத்துக் காத்திருந்தேன். நிழல் என் நகத்தின் மேல் ஏறுவது கண்ணுக்குத் தெரிந்தது! பொழுது நகர்வதை வேறெங்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. ஹவா மஹாலை எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று போட்டோ எடுத்ததோடு சரி.

மொழியையும் யோசியுங்கள். கைடு இந்தியில் விரிவாகச் சொன்னதை எங்கள் மேனேஜர் இரண்டு வரியில் முடித்துவிடுவார். இந்தி தெரியாத பெரியவர்களுக்கு அது பெரிய நஷ்டம். போகும் முன் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கதைகளை அவர்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆக்ரா கோட்டைக்குள் கூட்டிப் போவார்களா, எத்தனை கடைகளில் நிறுத்துவார்கள், தாஜின் சமாதி மண்டபத்துக்குள் போகத் தனியாக வாங்க வேண்டிய டிக்கெட் பேக்கேஜில் சேர்ந்ததா என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். ஆக்ரா என்றைக்கு வருகிறது என்று தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.