ஃபில், ஃபீல் குழப்பம்: ஏற்காடு ஹோம்ஸ்டே சகோவுக்கு

சகோ, ஃபார்மை 'ஃபில்' பண்ணுங்கனு எவ்ளோ குறுக்கி சொன்னாலும் வெளிநாட்டு கெஸ்ட்டுக்கு 'ஃபீல்'னே கேக்குதுனு எழுதியிருந்தீங்க, குறுக்கறது மட்டும் போதாதுங்க. நம்ம குறில் நெடில்ல முக்கியமா நேரம்தான் மாறும், இங்கிலீஷ்ல நாக்கோட இடமும் மாறும், 'ஃபில்'லுக்கு நாக்கு கொஞ்சம் எறங்கி தளர்வா இருக்கணும். இலையை எலைனும் விலையை வெலைனும் பேசறோம்ல, அந்த மாதிரி இ-க்கும் எ-க்கும் நடுவுல வெச்சு சொல்லிப் பாருங்க, நிச்சயம் வித்தியாசம் தெரியும். 'ஃபீல்'லுக்கு நம்ம ஈ போதும், ஒதட்டை லேசா இழுத்துக்கோங்க.

நீளத்தை மட்டும் நம்பாதீங்க, 'லீஃப்'ல வர்ற ஈ 'லீவ்'ல வர்றதை விட குட்டையாதான் இருக்கும், ஆனாலும் அது ஈ-தான்.

'ஃபுல்', 'ஃபூல்' கூட இதேதான், 'ஃபுல்'லுக்கு உ-வை ஒ பக்கம் கொஞ்சம் தள்ளணும், ரூம் ஃபுல்னு ரிசப்ஷன்ல சொல்ற உங்களுக்கு இது ரொம்பவே அவசியம்.

சேலத்துல இருந்து பஸ்ல மேல வர்றீங்கனா 20 கொண்டை ஊசி வளைவு இருக்கே, வளைவுக்கு ஒரு ஜோடினு வாய்விட்டு சொல்லிட்டே வாங்க, ஷிப் ஷீப், சிட் சீட், புல் பூல். அப்புறம் போன்ல ரெக்கார்ட் பண்ணி இங்க போடுங்க, கேட்டுட்டு சொல்றேன்.