பட்டா நிலத்தில் ரோடு: "சொத்துரிமை இப்போது இல்லை" என்பது சரியா?

கேள்வி: சிவகங்கை மாவட்டம், கிராமம். காலமான என் கணவர் பெயரில் இருந்து என் பெயருக்கு மாறிய பட்டா நிலத்தில் 14 சென்ட்டைச் சேர்த்து ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள். நோட்டீஸ் இல்லை, பணமும் இல்லை. கேட்டால், "சொத்துரிமை அடிப்படை உரிமையே கிடையாது, எடுத்துட்டாங்க" என்கிறார் அலுவலர். பரீட்சைக்குப் படிக்கும் என் மகனோ, சொத்து இயற்கை உரிமை என்று ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் சொன்னதாகப் படித்துக் காட்டுகிறான். எது உண்மை ஐயா?

பதில்: அம்மா, உங்கள் மகன் படித்தது சரி. அலுவலர் சொன்னது பாதிதான் சரி, அந்தப் பாதியை வைத்துக்கொண்டு உங்களைத் திருப்பி அனுப்பியது தவறு.

லாக் 1689இல் வெளியிட்ட நூலின் சாரம் இதுதான்: உயிர், சுதந்திரம், உடைமை மூன்றும் மனிதனுக்கு அரசு கொடுத்தவை அல்ல, அரசுக்கு முன்பே இருந்தவை. அவற்றைக் காப்பதற்காகத்தான் மக்கள் கூடி அரசை அமைத்தார்கள். அதனால் எத்தனை பெரிய அதிகாரமும் ஒருவருடைய உடைமையை இஷ்டத்துக்கு எடுக்க முடியாது. நூறு ஆண்டு கழித்து, 1789இல், பிரான்சின் மனித உரிமைப் பிரகடனம் தன் 17ஆவது பிரிவில் இதையே விதியாக்கியது: பொதுத் தேவை சட்டப்படி நிறுவப்பட வேண்டும், நியாயமான இழப்பீட்டை முதலில் கொடுக்க வேண்டும், பிறகுதான் சொத்தில் கை வைக்கலாம். உங்கள் 14 சென்ட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

நம் அரசியலமைப்பிலும் சொத்துரிமை முதலில் அடிப்படை உரிமையாகத்தான் இருந்தது. ஜமீன் ஒழிப்பு, நிலச் சீர்திருத்தம் என்று வழக்குகள் குவிந்தன, 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலில் இருந்து நீக்கியது. பெரிய பண்ணைகளை மனதில் வைத்துச் செய்ததை, ஒரு விதவையின் 14 சென்ட்டுக்கு எதிராகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நீக்கிய அதே திருத்தம் 300ஏ பிரிவைச் சேர்த்தது: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. நீங்கள் இழந்தது, நேரடியாக உச்ச நீதிமன்றம் போகும் வழியை மட்டும்தான். 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம், உங்களுக்கு அது மதுரைக் கிளை.

வித்யா தேவி எதிர் இமாச்சலப் பிரதேச மாநிலம் என்ற வழக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத, உங்களைப் போலவே கணவரை இழந்த பெண். 1967-68இல் ரோட்டுக்கு நிலத்தை எடுத்தார்கள், கையகப்படுத்தும் நடவடிக்கையே இல்லை. வழக்கு வந்தபோது அரசு என்ன சொன்னது தெரியுமா? 42 வருஷம் அனுபவித்துவிட்டோம், எதிரிடை அனுபோகத்தால் (பிறர் நிலத்தை நெடுங்காலம் தன் வசம் வைத்திருப்பதால் கோரும் உரிமை) நிலம் எங்களுடையது என்றது. அவர் வாய்மொழியாகச் சம்மதித்தார் என்றும் வாதம். 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளியது. சொத்துரிமை ஒரு மனித உரிமை, தன் குடிமக்களின் நிலத்துக்கே அரசு எதிரிடை அனுபோகம் கோர முடியாது, தாமதத்தைக் காரணம் காட்டவும் முடியாது என்று சொல்லி இழப்பீடு தர உத்தரவிட்டது. அப்போது அந்த அம்மாவுக்கு 80 வயது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். லாக் சொன்னார் என்று மனுவில் எழுதினால் நிற்காது, 300ஏ என்று எழுதினால் நிற்கும். முதலில் கணவரோ மாமனாரோ எப்போதாவது ரோட்டுக்கு தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். அப்படி ஒன்று இருந்தால் வழக்கே மாறிவிடும். இல்லை என்றால் பட்டா, சிட்டா, புலப்படம் மூன்றையும் எடுத்துக்கொண்டு, கட்டணம் செலுத்தி சர்வேயரை அளக்கச் சொல்லுங்கள். அளவைக் கல் சரளைக்கு அடியில் போயிருந்தால் அதைத் தோண்டி எடுக்க வேண்டாம், இருக்கும் நிலையிலேயே போட்டோ எடுத்து வையுங்கள்.

அப்புறம், தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: என் சர்வே எண்ணில் எந்தச் சட்டத்தின் கீழ், எந்த அறிவிப்பின்படி நிலம் எடுக்கப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும். "அப்படி அறிவிப்பு எதுவும் இல்லை" என்று அவர்களே எழுதித் தந்தால், அதைவிடப் பெரிய சாட்சியம் உங்களுக்குத் தேவையில்லை.

போட்ட ரோட்டைப் பெயர்த்து நிலத்தைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடுவது அரிது, அதை எதிர்பார்க்காதீர்கள். 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி இழப்பீடு கேளுங்கள், அதில் சந்தை மதிப்போடு 100 சதவீத ஆறுதல் தொகையும் சேரும். கலெக்டருக்கு ஸ்பீட் போஸ்டில் மனு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரமாக வையுங்கள். நியாயமான காலம் பொறுத்துப் பார்த்தும் பதில் இல்லையென்றால் முன்பு சொன்ன 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். வக்கீலுக்குக் கொடுக்க வசதி இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். பெண் என்ற முறையில் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானச் சான்று கூடத் தேவையில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்.