ஒரு சைக்கிளுக்கு இரண்டு சோடிச் சில்லு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் நெல்லியடியில் வசிக்கிறேன். வார நாட்களில் வல்லை வெளியைக் கடந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குச் சென்று வருவதும், விடுமுறை நாட்களில் மணற்காட்டுப் பக்கத்து மணற்பாதைகளில் ஓடுவதும் என்னுடைய ஒரே மவுண்டன் சைக்கிளில்தான். 29 அங்குலச் சில்லு, டிஸ்க் பிறேக், பின்னால் 12 கியர், பூஸ்ட் அளவு அச்சு. தார் வீதிக்கென ஒடுக்கமான ரயர் பூட்டிய இன்னொரு சோடிச் சில்லை வைத்திருந்தால் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். நண்பர்களோ, மாற்றும் ஒவ்வொரு முறையும் பிறேக்கும் கியரும் குழம்பும் என்கிறார்கள். வாங்கலாமா?
(நெல்லியடி வாசகர்)

பதில்: வாரத்தில் ஐந்து நாள் தாரிலும் மீதி நாள் மணலிலும் ஓடுகிறவருக்கு இது நல்ல எண்ணம், தாராளமாக வாங்கலாம். இரண்டு சோடியும் ஒன்றையொன்று ஒத்திராதபோதுதான் நண்பர்கள் சொல்லும் குழப்பம் வருகிறது. ஆகவே றிம்மின் அழகையும் எடையையும் பார்ப்பதற்கு முன்னர், சில்லின் நடுவே அச்சைத் தாங்கும் ஹப்பையும் அதில் ஏறும் உறுப்புகளையும் பாருங்கள்.

29 அங்குலம் என்று விற்கப்படும் றிம்மும், வீதிச் சைக்கிள்களின் 700சீ றிம்மும் ரயர் அமரும் இடத்தில் ஒரே விட்டமுடையவை: 622 மில்லிமீற்றர். இதை மட்டும் அறிந்துகொண்டு, வீதிச் சைக்கிளுக்கெனக் கோத்து விற்கப்படும் சில்லை வாங்கினால் அது உங்கள் சைக்கிளில் ஏறாது. பூஸ்ட் அளவென்றால் முன் ஹப் 110 மில்லிமீற்றர் அகலமும் அச்சு 15 மில்லிமீற்றர் தடிப்பும், பின் ஹப் 148 மில்லிமீற்றர் அகலமும் அச்சு 12 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்டவை. வீதிச் சைக்கிளின் டிஸ்க் சில்லுகளோ பெரும்பாலும் முன்னால் 100, பின்னால் 142 மில்லிமீற்றர் அகலத்திலும், இரு பக்கமும் 12 மில்லிமீற்றர் அச்சுக்கும் செய்யப்படுகின்றன. அதனால் பூஸ்ட் ஹப்பையும், உள் அகலம் 20 முதல் 25 மில்லிமீற்றர் வரையுள்ள 622 றிம்மையும் தனித்தனியாக வாங்கி, கம்பி கோக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துச் சில்லாக்குவதே நல்லது. கம்பிகளை றிம்மில் இறுக்கும் நிப்பிள்கள் பித்தளையாக இருக்கட்டும். நமது உப்புக் காற்றில் அலுமினிய நிப்பிள்கள் விரைவில் அரிபட்டு, கோட்டம் எடுக்கும்போது உடைந்துவிடும்.

இயன்றால், இப்போதுள்ள ஹப்பின் அதே வகையையே வாங்குங்கள். பிறேக் கட்டைகளுக்கும் ஹப்பில் பூட்டிய டிஸ்க் தட்டுக்கும் இடையில் இருப்பது மயிரிழை இடைவெளி. வேறு வகை ஹப்பில் தட்டு அரை மில்லிமீற்றர் விலகி அமர்ந்தாலே போதும், சில்லு மாற்றும் ஒவ்வொரு முறையும் கட்டைகளைத் தாங்கும் கலிப்பரைத் தளர்த்தி நேராக்கவேண்டி வரும். வெவ்வேறு ஹப் ஏற்கெனவே கைவசம் உள்ளவர்களுக்கும் வழியுண்டு: எந்தச் சில்லில் தட்டு ஹப் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறதோ, அந்தச் சில்லில் தட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே 0.2 மில்லிமீற்றர் அளவான மெல்லிய வாசர்களை வைத்து, மற்றச் சில்லின் நிலைக்குக் கொண்டுவரலாம். ஆறு ஆணித் தட்டுகளில் இது எளிது. ஒரு மாலைப்பொழுது இதற்காகச் செலவாகலாம். அதன் பின்னர் கலிப்பரைத் தொடவே தேவையில்லை. தட்டுகள் இரண்டு சோடியிலும் ஒரே விட்டமாகவும், கூடுமானவரை ஒரே நிறுவனத்தினதாகவும் இருக்கவேண்டும். புதுத் தட்டை வாகனம் குறைந்த நேரத்தில் வல்லை வெளியின் நேர் வீதியில் ஓட்டி, வேகமெடுத்து, சில்லு இறுகாமல் நடை வேகம் வரை பிறேக் பிடிப்பதை இருபது தடவை செய்து பழக்குங்கள். சில்லைக் கழற்றியிருக்கும் நேரத்தில் பிறேக் பிடியை ஒருபோதும் அழுத்தவேண்டாம். கட்டைகள் நெருங்கிவிட்டால் தட்டு உள்ளே நுழையாது. மடித்த மட்டையொன்றைக் கட்டைகளின் நடுவே செருகி வைப்பது பாதுகாப்பானது.

கியர் விடயத்தில் சிக்கனம் பார்த்துச் சிறிய கசற் (பின் சில்லின் பற்சக்கரத் தொகுதி) ஒன்றை வீதிச் சில்லில் ஏற்றத் தோன்றும். அதைத் தவிர்த்து, அதே பல் எண்ணிக்கையுள்ள கசற்றையே வாங்குங்கள், ஏனெனில் செயினின் நீளமும் கியர் மாற்றியின் இடைவெளியும் இப்போதுள்ள பெரிய பல்லுக்கே அளந்து வைக்கப்பட்டவை. ஹப்பில் கசற் ஏறும் பகுதியான பிறீஹப்பின் வகையையும் கேட்டு வாங்குங்கள்: 10 பல்லில் தொடங்கும் சிமானோ கசற்றுக்கு மைக்ரோ ஸ்பிளைனும், ஸ்ராம் கசற்றுக்கு எக்ஸ்டியும் வேண்டும். செயினும் கசற்றும் சேர்ந்தே தேய்பவை. நாள்தோறும் ஓடும் வீதிச் சில்லோடு தேய்ந்து நீண்ட செயின், அதிகம் ஓடாத மணற் சில்லின் பற்களை அரித்துவிடும். புதுச் செயின் போட்டால் தேய்ந்த கசற்றில் அது துள்ளும். செயின் அளவியில் 0.5 வீத நீட்சி காட்டியதும் செயினை மாற்றிவிட்டால் இரண்டு கசற்றுகளும் நெடுங்காலம் உழைக்கும். செயின் விலையைவிடக் கசற்றின் விலை பன்மடங்கு என்பதால் இதில் நான் கண்டிப்பாக இருப்பேன்.

வீதிச் சோடியில் 40 மில்லிமீற்றர் ரயர் பூட்டும்போது சைக்கிள் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் தாழும்; வேகமானியிலும் சில்லின் சுற்றளவை மாற்றிக் கொடுக்கவேண்டும். மணற் சோடியை ரியூப் இல்லாமல், துளையை அடைக்கும் சீலன்ற் திரவம் ஊற்றி வைத்திருங்கள். நெருஞ்சி முள்ளுக்கு அதைவிட நல்ல மருந்தில்லை. ஆனால் நமது வெயிலில் அது சில மாதங்களில் காய்ந்துவிடும் என்பதால், ஓடாமல் தொங்கும் சில்லாயினும் திறந்து பார்த்து ஊற்றவேண்டும்.

கேள்வி: என்னுடையது பழைய 26 அங்குல மவுண்டன் சைக்கிள், பிறேக் கட்டை றிம்மைப் பிடிக்கும் வகை. இரண்டாவது சோடியாக 27.5 அங்குலச் சில்லைப் போடலாமா?
(இளவாலை வாசகர்)

பதில்: போட இயலாது. 26 அங்குல றிம் 559, 27.5 அங்குல றிம் 584 மில்லிமீற்றர், ஆரை 12.5 மில்லிமீற்றர் கூடுவதால் கட்டை றிம்மில் படாமல் கம்பிப் பக்கமாகவே நிற்கும். 26 அங்குலத்திலேயே, வெளி அகலமும் ஒத்த றிம்மாகத் தேடுங்கள். அகலம் வேறுபட்டால் ஒவ்வொரு முறையும் பிறேக் கம்பியை இழுத்துக் கட்டவேண்டி வரும். எப்போதாவது மட்டும் மாற்றுவதென்றால், ஒரு சோடி வீதி ரயரை வாங்கி அதே றிம்மில் மாற்றிப் பூட்டுவதே உங்களுக்குப் போதுமானது.